அம்மா வீட்டு ஆண்பிள்ளைகள்

டாக்டரம்மா டார்ச்சை அணைக்கவே இல்லை. பிள்ளையின் தொண்டைக்குள் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று, பிள்ளையை மடியில் பிடித்திருந்த தாய் எட்டிப் பார்த்தாள்.

டான்சில் ஆபரேஷன் எதுவும் செய்தீர்களா என்று கேட்டார்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் கத்தி வைப்பார்கள்? இல்லையென்று தலையாட்டினாள்.

எல்லோருக்கும் அடிநாக்கின் இருபுறமும் இருக்கும் அந்தச் சதை இவனுக்கு இல்லவே இல்லை என்றார் டாக்டர்.

காதில் சீழ் வந்தபோது ஒருவரிடம் போனார்கள். நெஞ்சில் சளி கட்டியபோது இன்னொருவரிடம். கைராசி இல்லை என்று கணவன் டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தான். எல்லா நோயையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதியபடியே டாக்டர் விளக்கினார். சில பிள்ளைகளின் உடம்புக்கு நோயை எதிர்க்கும் சக்தியை உண்டாக்கத் தெரியாது. பெரும்பாலும் தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. வயிற்றில் இருக்கும்போது தாய் கொடுத்தது ஆறேழு மாதம் தாங்கும். அதுவரை யாருக்கும் சந்தேகமே வராது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

"உங்க அம்மா வீட்டுல ஆம்பளைப் பிள்ளைங்க யாராவது சின்னதுலயே தவறியிருக்காங்களா?"

கணவன் முந்திக்கொண்டான். மாமனார் வீட்டில் ஆண்பிள்ளைக்கே பஞ்சம், வம்பிழுக்கத் தனக்கொரு மச்சான்கூட வாய்க்கவில்லை என்று சிரித்தான்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வரன் பேச வந்த அன்று அவள் அப்பா, வீட்டில் எல்லோர் வாயையும் கட்டியிருந்தார். வெளியே தெரிந்தால் பெண்களை யார் எடுப்பார்கள் என்றார். அன்று முழுங்கியதுதான். இப்போது கக்கினால், ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று இவன் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

தோளில் கிடந்த பிள்ளை இருமினான். அந்தக் கரகரப்பு அவள் நெஞ்சுக்குள்ளும் கேட்டது.

"எனக்கு முன்னாடி ரெண்டு அண்ணன் இருந்தாங்க டாக்டர். ரெண்டு பேருமே நெஞ்சுச் சளியிலதான் போனாங்க."

கணவன் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கூடப்பிறந்த அக்கா தங்கை உண்டா, அவர்களுக்கு மகன் உண்டா என்று மெதுவாகக் கேட்டார்.

கணவன்தான் பதில் சொன்னான். அவள் தங்கையைத் தன் தம்பிக்குத்தான் கட்டியிருக்கிறது என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

"பையன்தான் டாக்டர். நாலு மாசம். இன்னும் ஒரு தும்மல்கூட வந்ததில்ல."