திமிங்கலம் தெரியாத படகு

ஐந்தாவது நாளும் ஓர்மூர் இலவசச் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். திமிங்கலம் காட்டக் கூட்டிப்போகும் படகில் சீட்டு வாங்கிக்கொண்டிருந்த யோருனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திமிங்கலம் கண்ணில் படாவிட்டால் அடுத்த பயணம் இலவசம் என்பது அந்த ஐஸ்லாந்துத் துறைமுகத்தின் வழக்கம்தான். அதற்காக ஒரு மனிதர் இப்படியா? மலைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர். போன நான்கு தடவையும் கடல் ஒத்துக்கொள்ளாமல் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தவர். ஆனாலும் ஓசி என்றால் விடுவதில்லை.

"இன்னைக்காச்சும் காட்டுவீங்களா? இல்ல, உங்கம்மாவுக்கு நிசமாவே கண்ணு தெரியலையா?" எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"வாளி உங்க காலடியில இருக்கு. மறக்காம எடுத்துக்குங்க" என்றாள் யோருன்.

அந்தக் கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. படகை ஓட்டுவது அவள் அம்மா ஸ்வாவா. அப்பா போன ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாகச் சுக்கான் பிடிப்பவள்.

இந்த வாரம் மற்ற படகுகள் தினமும் இரண்டு மூன்று திமிங்கலம் பார்த்துவிட்டு வர, இவர்கள் படகு மட்டும் ஒன்றுமில்லாமல் திரும்பியது. "அதுல ஏறாதீங்க" என்று துறைமுகத்தில் சொல்லவே ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்றால் அவளைச் சுக்கானை விட்டு இறக்கத்தான் வேண்டும். அதை எந்த வாயால் சொல்வது?

விரிகுடாவின் நடுவே வந்தார்கள். வலது பக்கம் கடற்காக்கை, ஆலா என்று பறவைகள் ஆயிரக்கணக்கில் மொய்த்துக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தன. மேலே பறவை என்றால் கீழே மீன், மீனுக்குக் கீழே திமிங்கலம். அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

படகின் முனை பன்னிரண்டு மணி என்று வைத்துத்தான் அவர்கள் திசை சொல்வார்கள். "அம்மா, மூணு மணிப் பக்கம் பறவை!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள்.

படகு ஒன்பது மணிப் பக்கம் திரும்பியது.

பயணிகள் முணுமுணுத்தார்கள். ஓர்மூர் வாளியிலிருந்து தலையைத் தூக்கி, "நாளைக்குச் சீட்டை இப்பவே எழுதி வச்சுடும்மா" என்றார். அதில் ஒரு சந்தோஷம் வேறு.

அவ்வளவுதான். யோருன் சுக்கான் அறைக்குள் பாய்ந்தாள்.

"நகரும்மா."

"ஏன்டி?"

"உனக்குக் கண்ணு தெரியல. ஊரே சிரிக்குது. அந்த ஆட்டுக்காரர்கூட நக்கலடிக்கிறாரு."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது. நீ வெளிய போ."

"அப்ப அங்க என்ன பறக்குதுன்னு சொல்லு பாப்போம்."

ஸ்வாவா சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். யோருன் அம்மாவின் விரல்களைச் சுக்கானிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டுப் படகைத் திருப்பினாள்.

பத்தே நிமிஷம். கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே எழும்பி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. பயணிகள் கூச்சல் போட்டார்கள், இரண்டு பேர் அழவே செய்தார்கள்.

ஓர்மூர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதைக் காட்டினால் பார்க்க மாட்டாராம். என்ன ஜென்மமோ என்று யோருன் பல்லைக் கடித்தாள்.

கரைக்கு வந்ததும் எல்லோரும் அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். ஓர்மூர் கடைசியாக இறங்கினார்.

"என்ன, இன்னைக்குச் சீட்டு கேக்கலையா?" என்று குத்தினாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். சுக்கான் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

யோருனின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. உள்ளே போய் அம்மாவின் தோளைத் தொட்டாள். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்கே கண் டாக்டரைப் பாத்துடலாம். கண்ணாடி போட்டாச் சரியாயிடும்."

ஸ்வாவா வெடுக்கென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கண்ணாடி உனக்குத்தான்டி போடணும். அஞ்சு நாளா திமிங்கலத்துக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓட்டிட்டிருந்தேன். இனிமே அந்த மனுஷன் எதைச் சொல்லிக்கிட்டு வருவாரு?"