கார்டுக்குப் பின்னால் மூன்று எண்

"இப்பல்லாம் பெத்த புள்ளைங்களே போன்ல திருட ஆரமிச்சிட்டானுங்க" என்று முனகியபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார் பஞ்சாட்சரம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சூடாக வடை கிடைப்பது பீட்டர் கடையில்தான். திருடியது யார் என்று அவன் கேட்டான். மகன் அரவிந்தன்தான் என்றார். கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரமாகிறது. நாற்று காய்கிறது. நெல் விற்ற பணம் அத்தனையும் பேங்கில் கிடக்கிறது. ஒரகடத்தில் கம்பெனி வேலையிலிருக்கும் மகனோ, மோட்டாரை ஆன்லைனில் வாங்கிவிடலாம், கார்டு நம்பரையும் பின்பக்கத்து மூணு நம்பரையும் சொல்லு நைனா என்று காலையிலிருந்து உயிரை எடுக்கிறானாம்.

"சொல்ல வேண்டிதான?"

"பின்னால கீற மூணு நம்பரு வெளிய போச்சின்னா பணமும் போச்சி. பொண்டாட்டி கேட்டாலும் சொல்லாதன்னு பேங்கு மேனேஜரம்மா சொன்னாங்க. அந்தம்மா கேட்டாலும் நான் சொல்லமாட்டேன்."

"கார்டு குடுத்ததே அவங்கதான, பெரியவரே."

"இன்னாத்துக்கு குடுத்தாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

மறுபடியும் போன் அடித்தது. அரவிந்தன்தான். அவன் அரவிந்தன் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார் பஞ்சாட்சரம். கருப்பு மாட்டுக்கு எந்தக் கொம்பு உடைந்தது என்றும் விசாரித்தார். இடது கொம்பு என்று பதில் வந்தது.

"சரியாத்தான் சொல்றான். எவனோ நம்ம வூட்டப் பத்தி நல்லா விசாரிச்சி வெச்சிகினு கீறான்" என்று போனை வைத்துவிட்டார்.

டீயை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து ஜெராக்ஸ் கடை கதைக்கு வந்தார். ரேஷன் கார்டோ, பட்டாவோ, கையில் வந்ததை ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. இன்றைக்குக் காலையிலும் அந்த வேலையாகத்தான் வந்திருந்தார். கடைக்காரி செவ்வந்தி எடுத்துக் கொடுத்த முதல் நாலும் கோணல். கோணலுக்கெல்லாம் காசு தர முடியாது, நீயே வைத்துக்கொள் என்று அவள் மேசைமேல் வீசிவிட்டு, நேராக விழுந்த ஒன்றை மட்டும் அண்ட்ராயர் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்" என்றார்.

"அது சரி" என்று சிரித்தபடி ஒரு தாளில் வடையை வைத்து நீட்டப்போன பீட்டரின் கை பாதியில் நின்றது.

"பெரியவரே, அந்த மூணு நம்பரு எட்டு, ஒண்ணு, நாலா?"

பஞ்சாட்சரத்தின் தம்ளரிலிருந்த டீ வேட்டியில் சிந்தியது.

பீட்டர் வடையை எடுத்துவிட்டுத் தாளைக் காட்டினான். எண்ணெய்க் கறைக்கு நடுவே அவருடைய பேங்க் கார்டு, முன்பக்கமும் பின்பக்கமும், கொஞ்சம் கோணலாக. வீணாகும் தாளையெல்லாம் செவ்வந்தி வடை மடிக்க இங்கேதான் அனுப்புவாள். மற்ற மூன்றும் வடையோடு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டன. பீட்டர் பதறிப்போய், உடனே பேங்குக்குப் போய்க் கார்டை நிறுத்தச் சொன்னான்.

"அவங்கள வேற நம்பச் சொல்றியா?" தாளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார் பஞ்சாட்சரம். "இந்த ஊர்ல ஒருத்தனும் யோக்கியம் இல்ல. இனிமே கார்ட வாலாஜாபாத்துலதான் ஜெராக்ஸ் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.