பன்னிரண்டாவது வெடி

பதினோராவது வெடிக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது.

அந்த ஒரு மூச்சுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது.

கல்குவாரியில் அன்று பன்னிரண்டு குழிகளில் மருந்து அடைத்துத் திரி கொளுத்தியிருந்தார்கள். எத்தனை வெடித்தன என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. பன்னிரண்டும் வெடித்திருந்தால் விசில் ஊதுவாள். ஆட்கள் பாறைக்குப் போவார்கள். ஒன்றே ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாது. வெடிக்காத குழிக்குள் திரி இன்னும் கமுக்கமாகப் புகைந்துகொண்டிருக்கலாம்.

கண்ணால் எண்ண முடியாது. முதல் இரண்டு வெடியிலேயே புழுதி எழும்பிப் பாறையை மூடிவிடும். சத்தம் நானூறு மீட்டர் கடந்து, ஒரு நொடி தாமதமாகத்தான் அவர்கள் ஒதுங்கியிருந்த இரும்புத் தகட்டுக் கொட்டகைக்கு வந்து சேரும். பிறகு எல்லாம் காதை நம்பித்தான்.

பத்து வருடமாக அவள் எண்ணிக்கை ஒருநாளும் தவறியதில்லை. குவாரியில் அவளுக்குப் பாம்புச்செவி என்றே பெயர்.

வெடி வைத்த பாறைக்கு எதிரே இன்னொரு பாறைச்சுவர் நெட்டுக்குத்தாக நிற்கிறது. எந்தச் சத்தத்தையும் வாங்கி, சற்றுத் தாமதித்து, திருப்பிக் கொடுத்துவிடும். கடைசியாகக் கேட்டது வெடியா, பதினோராவது வெடியின் எதிரொலியா?

நிஜ வெடி என்றால் தரையும் அதிர்ந்திருக்கும். ஆனால் லாரி டிரைவர் ஓர் அவசரக்குடுக்கை. அதற்குள் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அவள் பாதத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் லாரியின் நடுக்கம்தான்.

"பன்னெண்டு," என்றார் மேஸ்திரி, மடக்கிய விரல்களை நீட்டியபடி. டிரைவரும் தலையாட்டினார்.

அவள் கொழுந்தன் கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு எழுந்துவிட்டான். வெடித்த பாறையில் தொங்கும் கற்களை நெம்பித் தள்ளுவது அவன் வேலை. எப்போதும் முதல் ஆளாகப் போகிறவன். "நான் இருக்கேன்ல" என்று மாமியாரிடம் சொல்லி, அவனை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே அவள்தான்.

"ஊதுங்க அண்ணி. வயித்துக்குள்ள பதிமூணாவது வெடி வெடிச்சுக்கிட்டு இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். விசில் அவள் வாயில்தான் இருந்தது. உதடு காய்ந்து அதில் ஒட்டிக்கொண்டது.

ஊதவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"பதினொண்ணுதான். கடைசியா வந்தது எதிரொலி. எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து வந்துச்சு."

அடித்துச் சொன்னாள். சட்டையின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டாள்.

மேஸ்திரியின் முகம் சுருங்கியது. ஆனால் பாம்புச்செவி சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு ஏது? எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

ஐந்து நிமிடம் போவதற்குள் ஐந்து யுகம் போனது.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தனக்குத்தானே பேசுவதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார். பாம்புச்செவிக்கும் வயதாகிறது போல, என்று. அவள் பாறையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புழுதி அடங்கிவிட்டது. பாறை ஒன்றுமறியாததுபோல வெயிலில் நின்றது.

பன்னிரண்டும் வெடித்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தன் பேச்சு பொய்யாகப் போகட்டும். நாலு பேர் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

பத்து நிமிடம். பதினைந்து.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். அவள் கடப்பாரையின் மறுமுனையை எட்டிப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை. அண்ணியோடு கயிறு இழுக்கும் போட்டியா என்று யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, தோற்றவன்போல உட்கார்ந்தான்.

பத்தொன்பதாவது நிமிடம் பாறையில் புழுதி எழுந்தது. கால் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது.

அதை எண்ணுவதற்கு யாருக்கும் காது தேவைப்படவில்லை.

கற்கள் உருண்டு ஓய்ந்தன. கொழுந்தன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், அவை தன்னுடையவைதானா என்று சோதிப்பவன்போல.

மேஸ்திரிதான் முதலில் எழுந்து அவளிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"காதாம்மா அது! இனிமே நாங்க யாரும் எண்ணப் போறதில்ல. நீ ஒருத்தி சொன்னாப் போதும்."

அதைக் கேட்டதும் அவள் கழுத்திலிருந்து விசிலைக் கயிற்றோடு கழற்றினாள். அவர் கையில் வைத்தாள்.

"அண்ணே, எனக்கு இடது காது போயிருச்சு. போன வாரந்தான் டாக்டர் சோதிச்சுப் பாத்துச் சொன்னாரு. ஒத்தக் காதால கேக்குறவங்களுக்கு, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியாதாம்."

மேஸ்திரி விசிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்ப எதிர்ச்சுவர்னு எப்படிம்மா அடிச்சுச் சொன்ன?"

"தெரியலன்னு சொல்லியிருந்தா, நீங்க காத்திருப்பீங்களா அண்ணே?"