மேளம் இல்லாத சாவு

"மேளம் வேணாம்பா. எல்லாரும் கிளம்புங்க."

அன்பரசன் சொன்னதைக் கேட்டு மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் இருந்து அவர்களை யாரும் இப்படித் திருப்பி அனுப்பியதே இல்லை.

செத்துப்போனவர் அன்பரசனின் அப்பா செல்வநாதன். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ராயபுரத்தில் யார் வீட்டுச் சாவு என்றாலும் மேளத்துக்கு முன்னால் நின்று விடிய விடிய ஆடித் தீர்த்த மனிதர். அந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் உயிர் போன நேரத்திலிருந்து பாடை கிளம்பும் வரை மேளமும் கானாவும் ஓயக் கூடாது. அதுதான் அங்கே செத்தவருக்குச் செய்கிற மரியாதை.

நேர் மேல் வீட்டு பால்கனியில் நின்றிருந்த நீலமேகத்துக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"பூவம்மா, இங்க வந்து பாரேன்! மேளம் திரும்பிப் போவுது!"

"நெஜமாவா? எந்த சாமி புண்ணியமோ!" என்று மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே மகள் ரமாபாய் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவளுக்கு டிகிரியின் கடைசிப் பரீட்சை. போன வாரமே முடிந்திருக்க வேண்டியது. மழை வந்து கெடுத்து, யுனிவர்சிட்டி நாளைக்குத் தள்ளி வைத்திருந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்லிப் புலம்பியிருந்தாள். அவளை எப்போதும் அழவைக்கிற கணக்குப் பேப்பர் வேறு. இதில் தேறினால் கிண்டி கம்பெனியில் வேலை கையில் வந்த மாதிரி. அரியர் விழுந்தால் அதோடு சரி, வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

"அன்பு கைல ஒரு வார்த்த சொல்லிட்டு வாய்யா, ராவிக்கு மட்டும் மேளம் வேணாம்னு" என்று பூவம்மா அவரை மதியமே கீழே விரட்டியிருந்தாள். நீலமேகமும் போனார். மாலையைப் போட்டார். வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

"சாவு வூட்ல போய் சத்தம் போடாதன்னு எப்டிமே சொல்றது? நாக்கு வர்ல எனக்கு."

கேட்காமலே காரியம் நடந்துவிட்டது! மகளுக்கு டீ வாங்க ஃபிளாஸ்க்கோடு படியிறங்கியவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீக்கடையில் மூன்றாவது மாடி பாஸ்கல் பொருமிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா நீலமேகம், அநியாயத்த? எத்தினி சாவுல ஆடின மனுசன்! அவருக்கு ஒரு மேளம் கெடையாதாம். புள்ள அவ்ளோ கஞ்சம்!"

நீலமேகம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே பொங்கிய சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம். அதனால் அவர் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கி ஒலித்தது.

"அப்பன் பொணம் கெடக்க சொல்லோ எவனாவது கணக்கு பாப்பானா? இவன்லாம் ஒரு புள்ளயா? எங்க நைனா போனப்ப தெருவே அதிர்ந்துச்சு, தெரியுமா!"

எதிரே பந்தலில்தான் அன்பரசன் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனாலும் தலையை நிமிர்த்தவில்லை.

பந்தலில் இருந்த சொந்தக்காரர்களும் அவனைச் சும்மா விடவில்லை. "அப்பன சத்தமே இல்லாம அனுப்பப் போறியாடா?" என்று ஆளாளுக்குக் கிழித்தார்கள். எல்லாவற்றுக்கும் அவன் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்.

"காலைல பாத்துக்கலாம்."

அன்று ராத்திரி அந்த பிளாக்கே அடங்கிக் கிடந்தது. ரமாபாய் நிம்மதியாகப் படித்தாள், நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் ஹால் டிக்கெட்டோடு கிளம்பியபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"நைனா, எல்லாம் ரெண்டு வாட்டி பாத்துட்டேன். இன்னிக்கு நிச்சயமா பாஸ்தான்!"

நீலமேகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தால், மேளக்காரர்கள் மறுபடி வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மேளம், ஆனால் சத்தம் இல்லை. ஊர் காறித் துப்பியதும் பயந்துபோய்க் கூப்பிட்டுவிட்டான் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிளாக் கேட் அருகே அன்பரசன் நின்றிருந்தான். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"இன்னாண்ணே, இன்னும் நின்னுகினு கீறீங்க? பஸ் வருது பாருங்க. பாப்பாவ சீக்கிரம் ஏத்தி உடுங்க!"

என்ன விரட்டு விரட்டுகிறான் என்று நீலமேகத்துக்குச் சுருக்கென்றது. சாவு வீட்டுக்காரனிடம் என்ன பேச? முணுமுணுத்தபடியே மகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கையசைத்தார். பஸ் முனை திரும்பி மறைந்தது.

அவருக்குப் பின்னால் நின்று அன்பரசனும் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, உடைந்த குரலில் கத்தினான்.

"பரீட்ச எழுதற பொண்ணு பஸ் ஏறிடுச்சு. நேத்துலேர்ந்து எங்கப்பா காத்துகினு கீறாரு. இப்ப அடிங்கடா!"