ஒரு கரண்டிச் சோறு

கல்முனைக் கரையோரத்து ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில், யன்னல் வெயில் விழும் மேசைக்கு முன்னால் ஆதம்பாவா இருக்கிறார். பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்து நாலு மாதம். தொழில்வழிச் சிகிச்சை பார்க்கும் கேதீஸ்வரி மிஸ், சைக்கிள் டியூப் சுற்றிப் பிடியைத் தடிப்பாக்கிய கரண்டி ஒன்றைப் போன மாதம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

“இப்ப நானேதான் சாப்பிர்றன் மிஸ்” என்கிறார். மனைவி சுபைதாவும் முக்காட்டை இழுத்துவிட்டு, “ஓம்” என்கிறாள்.

“அப்ப ஒருக்காச் சாப்பிட்டுக் காட்டுங்க காக்கா. கிளினிக் கார்டை முடிச்சிருவம், இனி வரத் தேவல்ல” என்று சோற்றுக் கோப்பையை நகர்த்துகிறாள் மிஸ்.

கடற்கரையில் கரைவலை இழுக்க நாற்பது பேரை அதட்டி நிறுத்திய மனுசன் கரண்டியைப் பிடிக்கிறார். அது கோப்பை விளிம்பில் டக்டக்கென்று அடிக்கிறது. பாதிச் சோறு இடுப்பில் கட்டிய சாரத்தில் கொட்டுகிறது. பக்கத்து வாங்கில் உட்கார்ந்து விரல் பயிற்சிக்கு மணி கோத்துக்கொண்டிருந்த இருவர் கையை நிறுத்திப் பார்க்கிறார்கள். மிச்சச் சோறு அவர் உதட்டை நெருங்கும்போது, பிள்ளைக்குத் தீத்துகிற தாயைப்போல, சுபைதா தன்னையறியாமல் தன் வாயைத் திறக்கிறாள். மிஸ் அதைப் பார்த்துவிடுகிறாள். மிஸ் பார்த்ததை ஆதம்பாவாவும் பார்க்கிறார். காதுமடல் எரிகிறது.

“பொய் செல்லிட்டன் மிஸ். இவதான் தீத்துறா. பேரப்புள்ளையள்ற முன்னால சோத்தச் சிந்த வெக்கமா இருந்திச்சி” என்கிறார், சாரத்துப் பருக்கைகளைப் பார்த்தபடி.

“அப்பிடியெண்டா, இண்டைக்கிருந்து தொடங்குவம்.” மிஸ் அவர் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுக்கிறாள். சுபைதா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள். ஆதம்பாவா மறுபடியும் கரண்டியைச் சோற்றில் இறக்குகிறார்.