தாய்ப்பன்றியின் பங்கு

குடம் தண்ணீர் அறுநூறு ரூபாய். கல்யாண மண்டபத்து நாச்சிமுத்து எழுநூறுக்கு ஏறி வந்ததும் எனக்குச் சபலம் தட்டிவிட்டது.

அரசாங்க அளவுப்படி மனிதனுக்கு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர். பாலூட்டும் தாய்ப்பன்றிக்கு முப்பது. அதன் காதில் இருக்கும் அடையாள வில்லையைக் கண்டால்தான் பண்ணைக் குழாய் திறக்கும். பதினொரு குட்டி போட்டிருந்த என் பன்றியின் வில்லையைக் கழற்றி, சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய் நின்றேன்.

"வாங்க தாயே, குட்டிகள் நலமா?" என்று குழாய் விசாரித்தது. சிரித்துக்கொண்டே மூன்று நாள் குடம் நிரப்பி விற்றேன். பன்றிக்கு என் பங்கில் பாதியை ஊற்றினேன். அது போதும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் என் மனைவி பூங்கோதை கொட்டகையிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க மாமா, அது குழாயை மூக்கால முட்டிக்கிட்டே நிக்குதுங்க. பாலு சுத்தமா வத்திப்போச்சு."

"நாளைக்கு வில்லையை மாட்டிடறேன் கண்ணு."

"இப்பவே மாட்டுங்க. உங்களைத்தானே குழாய் தாயேன்னு கூப்புட்டுச்சு? குட்டிகளுக்கு நீங்களே போய்ப் பதில் சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். வில்லையை மாட்டிவிட்டு, நாச்சிமுத்து தந்த பணம் முழுவதற்கும் வெளியே அதே எழுநூறு விலைக்குத் தண்ணீர் வாங்கி வந்து தொட்டியில் ஊற்றினேன். பன்றி குடித்து முடித்து, ஒன்றும் நடக்காதது போல என் கையை நக்கியது.

எடுத்தது தொண்ணூறு லிட்டர், திருப்பியது தொண்ணூறு. குட்டிகள் பதினொன்றில் இருப்பது ஒன்பது. பாக்கி இரண்டு, என் பேரில்.