பெட்டியின் மேல் ஒரு ஆள்

சுங்கக் கிடங்கில், வந்திறங்கிய பெட்டியின் மேலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். தகரக் கூரையின் வெக்கை உச்சந்தலையில் இறங்குகிறது. மூடியின் ஓரத்தில் ட்ரை ஐஸ் புகை மெல்லக் கசிந்து, என் செருப்பைத் தொட்டுக் கரைகிறது. உள்ளே, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில், புற்றுநோய் ஆய்வுக்கான புரதம் உறைந்திருக்கிறது. எத்தனையோ விற்பனையாளர்கள் கைவிரித்த பிறகுதான் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா எங்கள் சின்ன இறக்குமதிக் கடையைத் தேடி வந்தார். கெடாமல் வரவழைத்துத் தருவதாக என் மகள் வாக்குக் கொடுத்தாள். அவள் கொடுத்தது எங்கள் வீட்டு வாக்கு.

சோதனை அதிகாரியின் கையில் அட்டை வெட்டும் கத்தி இருக்கிறது. "பெரியவரே, எந்திரிங்க. திறந்து பார்க்காம விட முடியாது." "பாருங்க, யாரு வேணாம்னா? குளிர் அறையில வச்சுத் திறங்க. இந்த வெக்கையில திறந்தா உருகிடும், அப்புறம் எதுக்கும் உதவாது." "அந்தச் சாவி மேலதிகாரிகிட்ட இருக்கு. அவரு சாப்பிடப் போயிருக்காரு." "நிதானமா சாப்பிடட்டும். நான் சாப்பிட்டாச்சு." சுமை தூக்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் மகள் என் காதருகே குனிகிறாள். "அப்பா, எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது." "கெட்டுப்போன சரக்கை அந்தம்மா கையில குடு, அப்பத்தான் மானம் போகும்." அதிகாரி கத்தியை மேசையில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் பேசுகிறார். "சார், குளிர் அறைச் சாவியோட கொஞ்சம் வாங்க. இல்ல சார், பெட்டி மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. சொல்லிப் பார்த்துட்டேன் சார். எந்திரிக்க மாட்டாரு."